காரத்துக்கு அஞ்சாத அசுவினி

கடுகை அரைத்தால்தான் காரம் மூக்கில் ஏறும். செடியின் திசுக்களில் குளுக்கோசினோலேட் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறிடத்திலும் இருப்பதே காரணம். புழு இலையைக் கடித்துக் குதறும்போது இரண்டும் கலந்து, ஐசோதயோசயனேட் என்ற கார நஞ்சு பிறக்கிறது. இத்தனை வலுவான தற்காப்பு இருந்தும், ராஜஸ்தான், ஹரியானா வயல்களில் குளிர்காலம் வந்தால் பூங்கொத்து தெரியாத அளவுக்கு அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்கிறது. காரம் போதவில்லை, கூடுதல் காரமுள்ள ரகம் வேண்டும் என்று தோன்றலாம். அந்த முடிவு சரியல்ல. அசுவினியிடம் காரத்தின் அளவு எடுபடாது. வேதிப்பொருளின் வகைதான் எடுபடும்.

அசுவினி இலையைக் கடிப்பதில்லை. மயிரிழையினும் மெல்லிய வாயூசியைச் செல்களின் இடுக்கு வழியே செலுத்தி, சல்லடைக் குழாய்ச் சாற்றை உறிஞ்சுகிறது. செல்கள் அதிகம் உடையாததால் நொதியும் சேர்மமும் சந்திப்பது அரிது. முட்டைக்கோஸ் அசுவினி இன்னும் ஒருபடி மேலே போகிறது: சாற்றில் வரும் குளுக்கோசினோலேட்டை உடலில் சேர்த்துக்கொண்டு, மைரோசினேஸைத் தானே உற்பத்தி செய்து தலை, மார்புத் தசைகளில் வைத்திருக்கிறது. பொறிவண்டு கடித்து நசுக்கினால், கார நஞ்சு வண்டின் வாயிலேயே உருவாகிறது. இரட்டைப்புள்ளிப் பொறிவண்டின் இளம்புழுக்கள் இந்த உணவில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஏழுபுள்ளி வண்டு தாக்குப்பிடிக்கிறது. செடி சேர்த்த காரம் செடியின் பகைவனுக்கே காவலாகிவிடுகிறது.

அப்படியானால் செடியின் வேதியியல் வீணா என்று கேட்கலாம். இல்லை. இண்டோல் வகைக் குளுக்கோசினோலேட்டுகள் மைரோசினேஸ் இல்லாமலே அசுவினியின் உடலுக்குள் சிதைகின்றன. கடுகுக் குடும்பத்தின் ஆய்வுச் செடியான அராபிடாப்சிஸில், அசுவினி உறிஞ்சத் தொடங்கியதும் செடி இவற்றில் ஒன்றை மாற்றியமைக்கிறது. மாறிய வடிவம் பூச்சியை இன்னும் வலுவாக விலக்குகிறது. காரநெடிக்கும் ஒரு பயன் உண்டு. டயரெட்டியெல்லா என்ற சிறு குளவி அதை மோப்பம் பிடித்து வந்து அசுவினிக்குள் முட்டையிடுகிறது. அசுவினி ஊதிப் பழுப்பேறிய கூடாகிவிட, புதுக் குளவி வட்டத் துளையிட்டு வெளிவருகிறது.

மாட்டுத்தீவனப் புண்ணாக்குக்காகக் குளுக்கோசினோலேட்டைக் குறைத்தால் பயிர் பூச்சிக்கு இரையாகும் என்ற அச்சமும் நியாயமானதே. டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு ஆய்வு நிறுவனத்தார் 2023-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். சேர்மத்தை விதைக்குக் கடத்தும் மரபணுக்களைத் திருத்தி, விதையில் குறைவாகவும் இலையில் நிறைவாகவும் இருக்கச் செய்தார்கள்; பூஞ்சைக்கும் இலைதின்னும் புழுவுக்கும் எதிரான காப்பு குறையவில்லை. ஆனால் புழுவைத் தடுப்பது அசுவினியையும் தடுக்கும் என்று கொள்ள முடியாது. அதற்கு லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் எடுத்த வழியே எனக்கு நம்பிக்கை தருகிறது: அசுவினி எளிதில் பெருகாத காட்டு உறவுச் செடி ஒன்றின் பண்பைக் கலப்பின் மூலம் கடுகுக்குக் கொண்டுவரும் வேலை அது.