மூலையில் ஓடும் எண்கள்

“ஐயா, பிஜிஎம்ஐ ஆடும்போது திரையின் ஓரத்தில் ஒரு எண் ஓடுகிறது. 50, 60 என்று பச்சையாக இருக்கும்வரை தொல்லை இல்லை. திடீரென்று 300-க்கு எகிறிச் சிவப்பாகிறது. அடுத்த நொடி நான் அவுட். புது போன் வாங்கினால் சரியாகுமா? அப்பாவிடம் சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் எழுதி அனுப்பவும்.”

திண்டுக்கல் பக்கத்துக் கன்னிவாடியிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய கடிதம். காரணம் கேட்ட தம்பிக்கு முதலிலேயே வருத்தமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணுக்கும் போனின் விலைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பிஜிஎம்ஐ போன்ற துப்பாக்கி விளையாட்டில் எப்படிச் சுடுவது, எந்த வீட்டுக்குள் ஒளிவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனவே நேராக மூலைக்கே போகிறேன்.

பேட்டரிப் படம், சிக்னல் கோடு, மணி, பிங், சில விளையாட்டுகளில் எஃப்பிஎஸ் எனப்படும் நொடிக்கான பட எண்ணிக்கை. இவை எதுவும் விளையாட்டின் கதைக்குச் சொந்தமானவை அல்ல. பாராசூட்டில் குதித்துத் துப்பாக்கி தேடி ஓடுகிற வீரனுக்கு உங்கள் போனில் 14 சதவீதம் சார்ஜ் இருந்தால் என்ன, போனால் என்ன? ஆனாலும் விளையாட்டைச் செய்தவர்கள் காட்டுகிறார்கள். ஏனென்றால் மறைத்தவர்களும் அவர்களே. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, அதாவது கிட்காட், திரை முழுவதையும் செயலிக்கே விட்டுக்கொடுக்கும் வசதியைத் தந்தது. போனின் மேல்பட்டை மறைந்தது. அதோடு சார்ஜும் மணியும் சிக்னலும் மறைந்தன. கடைசி வட்டத்தில் நாலு பேர் மிஞ்சியிருக்கும் நேரத்தில் போன் அணைந்துபோனால் ஆடுகிறவன் திட்டுவது போனை அல்ல, விளையாட்டைத்தான். அதனால் மறைத்ததையெல்லாம் தன் கையாலேயே மறுபடி ஒரு மூலையில் சின்னதாக வரைந்து வைக்கிறது விளையாட்டு.

சார்ஜ் எவ்வளவு என்று விளையாட்டுக்கு எப்படித் தெரியும்? ஆண்ட்ராய்டே அறிவித்துக்கொண்டிருக்கிறது. பேட்டரியின் அளவு மாறும்போதெல்லாம் இயங்குதளம் உள்ளுக்குள் ஒரு செய்தி விடும். எத்தனை சதவீதம், சார்ஜர் செருகியிருக்கிறதா, மின்னழுத்தம் எத்தனை மில்லிவோல்ட், சூடு எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கும். சூட்டை டிகிரியில் பத்தில் ஒரு பங்காகச் சொல்வது அதன் வழக்கம். 385 என்று வந்தால் 38.5 டிகிரி செல்சியஸ் என்று பொருள். கேமராவுக்கும் மைக்குக்கும் உங்களிடம் அனுமதி கேட்கிற செயலி, இதைக் கேட்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சார்ஜ் அளவுதானே, அதில் என்ன ரகசியம் என்று தோன்றும். இணைய உலாவிகள் சிலவும் இந்தத் தகவலை இணையதளங்களுக்குக் கொடுக்கத் தொடங்கின. அதை வைத்தே ஒருவரைக் கொஞ்ச நேரத்துக்கு அடையாளம் கண்டு பின்தொடர முடியும் என்று 2015-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017-ல் ஃபயர்ஃபாக்ஸ் அந்த வசதியை இணையதளங்களிடமிருந்து எடுத்தேவிட்டது.

இனி அந்தச் சிவப்பு எண். அதுதான் பிங். உங்கள் போன் ஒரு சிறு செய்தியை விளையாட்டின் சர்வருக்கு அனுப்புகிறது. பதில் திரும்பி வர எத்தனை மில்லி செகண்டு ஆனது என்பதே அந்த எண். இணையத்தில் இதை அளக்க 1983 டிசம்பரில் மைக் மஸ் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வகப் பொறியாளர் எழுதிய சிறு நிரலின் பேர்தான் இன்று கன்னிவாடிப் பையன் வாய்வரை வந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மும்பைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். போய்வர 2,200. ஒளிக்கு இது 11 மில்லி செகண்டு வேலை. நீங்கள் லட்ச ரூபாய் போன் வைத்திருந்தாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கடலடிக் கேபிள் வழியாகச் சென்னையிலிருந்து மட்டும் போய்வரவே 30-க்கு மேல் ஆகிவிடும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவே செய்தி பல இடங்களில் நின்று வழி கேட்டுப் போகிறது, டவருக்கும் போனுக்கும் இடையே காற்றில் போகும் கடைசித் தூரம் தன் பங்குக்குச் சில பத்து மில்லி செகண்டைச் சேர்க்கிறது. இப்படித்தான் உங்கள் பச்சை 50 உருவாகிறது.

அப்படியானால் 300 எங்கிருந்து வந்தது? கன்னிவாடி மலையடிவாரத்து ஊர். டவருக்கும் உங்களுக்கும் நடுவே மேடு வந்தால் அலை மெலியும், செய்தி தொலையும், திரும்ப அனுப்ப வேண்டிவரும். ராத்திரி எட்டு மணிக்கு ஊரே படம் பார்த்தால் ஒரே டவரை எல்லோரும் பங்குபோட வேண்டும். இன்னொன்று, உங்கள் வீட்டிலேயே ஒரே ஹாட்ஸ்பாட்டில் அக்கா வீடியோ இறக்கிக்கொண்டிருந்தால் உங்கள் சிறு செய்தி அவருடைய பெரிய மூட்டைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். புது போன் வந்தால் அக்கா வீடியோ பார்ப்பதை நிறுத்திவிடுவாரா?

பிங் நன்றாக இருந்து, ஆனாலும் படம் திக்கித் திக்கி நகர்ந்தால் அது வேறு நோய். நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி செகண்டுக்குள் போன் வரைந்து முடிக்க வேண்டும். முடியாதபோது எஃப்பிஎஸ் விழுகிறது. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு விழுந்தால் காரணம் சூடு. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், இந்தச் சூட்டை ‘ஒன்றுமில்லை’ தொடங்கி ‘அணைக்கப் போகிறேன்’ வரை ஏழு படிகளாகச் செயலிகளுக்குச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. சொல்வதைக் கேட்டும் மூலையில் அதைக் காட்டுகிற விளையாட்டுகள் குறைவு.

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் இரண்டு மீட்டர் உண்டு, ஒன்று வோல்ட், ஒன்று ஆம்ப்ஸ். அப்பா பச்சைப் பட்டனில் கை வைக்குமுன் வோல்ட் முள்ளைப் பார்ப்பார். லோ வோல்டேஜில் போட்டால் காயில் எரிந்துவிடும். போட்ட பிறகு ஆம்ப்ஸ் முள்ளைப் பார்ப்பார். ஏறி நின்றால் மோட்டார் எங்கோ இறுகியிருக்கிறது, வழக்கத்தைவிட இறங்கினால் கிணற்றில் தண்ணீர் தீர்ந்தது. எந்த முள் அசைந்தது என்பதைப் பார்த்து மின்வாரியத்துக்குப் போவதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, கிணற்றை எட்டிப் பார்ப்பதா என்று முடிவு செய்வார். தண்ணீர் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புது மோட்டார் வாங்க அவர் கோயம்புத்தூருக்குக் கிளம்பியதில்லை.

போன் விஷயத்தில் நாம் அப்படித்தான் கிளம்புகிறோம். ‘லேக் அடிக்குது’ என்ற ஒரே சொல்லுக்குள் டவர் கோளாறையும் சூட்டையும் பழைய பேட்டரியையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். மூலையைப் படித்தால் மூன்றும் தனித்தனியே தெரியும். பிங் சிவந்தால் இடம் மாறுங்கள், அல்லது ஹாட்ஸ்பாட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிங் பச்சையாக இருந்து படம் திக்கினால் சார்ஜரைப் பிடுங்குங்கள், கவரைக் கழற்றுங்கள், கிராபிக்ஸ் அளவைக் குறையுங்கள். 30 சதவீதத்தில் இருந்த சார்ஜ் சட்டென்று 5-க்கு விழுந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. அப்பாவிடம் கேட்பதற்கு அது நல்ல காரணம்தான். ஆனால் கேட்க வேண்டியது பேட்டரி மட்டும்.

மூலையில் தெரிவதை நாம் எந்த அளவுக்கு நம்புகிறோம் என்பதற்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு குறும்பு உண்டு. 2002-ல் நின்டெண்டோவின் கேம்கியூப் பெட்டிக்கு ‘எடர்னல் டார்க்னஸ்’ என்ற திகில் விளையாட்டு வந்தது. கனடாவைச் சேர்ந்த சிலிகான் நைட்ஸ் நிறுவனம் செய்தது. அதில் உயிருக்கு ஒரு கோடு, மந்திரத்துக்கு ஒரு கோடு, இவற்றோடு புத்தித் தெளிவுக்கும் ஒரு பச்சைக் கோடு. பேய்களின் கண்ணில் பட்டால் அந்தக் கோடு குறையும். குறையக் குறைய விளையாட்டு கதாபாத்திரத்தை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

ஆடிக்கொண்டிருக்கும்போது டிவியின் சத்தம் தானாகக் குறையும். திரையில் பச்சை எழுத்தில் வால்யூம் கோடு, டிவி காட்டுவது போலவே, ஒவ்வொன்றாக இறங்கும். ஆடுகிறவர் ரிமோட் எங்கே, யார் அதன்மேல் உட்கார்ந்தது என்று தேடுவார். உண்மையில் டிவிக்கு எதுவுமே ஆகவில்லை. அந்தக் கோட்டை வரைந்தது விளையாட்டு. இன்னொரு சமயம் பேய்கள் நெருங்கி வரும் நேரத்தில் கன்ட்ரோலர் கழன்றுவிட்டது என்று அறிவிப்பு வரும். பட்டனைத் தட்டினால் வேலை செய்யாது. ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும்போதே வீரன் அடிபட்டு விழுவான். திரையில் ஒரு பூச்சி ஊர்ந்து போகும், துடைத்தால் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேமித்து வைத்த ஆட்டங்களையெல்லாம் அழிப்பதுபோல ஒரு திரை. அது முடிந்ததும் வெளிச்சம் பளிச்சிட்டு எல்லாம் பழையபடி ஆகிவிடும், நடந்தது பிரமை என்று தெரியும். இந்த உத்திக்கு நின்டெண்டோ அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பம் போட்டு 2005-ல் வாங்கியும்விட்டது.

மற்றத் திகில் விளையாட்டுகள் ராட்சதனைப் பெரிதாக்கிப் பயமுறுத்தும். இது வால்யூம் கோட்டைக் கொண்டு பயமுறுத்தியது. கதையில் வருவதை மனம் கதை என்றே எடுத்துக்கொள்ளும். கருவி சொல்வதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை, அப்படியே நம்பிவிடும்.

இந்த நம்பிக்கையைக் காசாக்குகிறவர்கள் இன்று நம் கையிலேயே இருக்கிறார்கள். இலவச விளையாட்டின் நடுவே வரும் சில விளம்பரங்களைப் பாருங்கள். ‘உங்கள் பேட்டரி சேதமடைந்துவிட்டது’, ‘போனில் வைரஸ் உள்ளது’, பக்கத்தில் சிவப்பு பேட்டரிப் படம், கீழே ‘சரிசெய்’ என்ற பட்டன். போனே பேசுவது போல இருக்கும். பேசுவது போன் அல்ல. அந்த விளம்பரத்துக்கு உங்கள் பேட்டரியின் நலம் தெரியவும் தெரியாது. இயங்குதளத்தின் எச்சரிக்கை போல வேஷம் போடும் விளம்பரங்கள் கூடாது என்று கூகுளின் பிளே ஸ்டோர் விதியே இருக்கிறது. விதி இருந்தும் வருகிறது, வீட்டிலிருக்கும் பெரியவர்கள்தான் முதலில் அதைத் தட்டுகிறார்கள். எடர்னல் டார்க்னஸ் பொய் சொல்லி, பொய் என்று அடுத்த நொடி ஒப்புக்கொண்டது. இவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

உண்மைத் தகவலைக் கண்ணில் படும்படி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணையாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதுவரை போன் மெதுவானால் போனுக்கே வயசாகிவிட்டது என்று நினைத்தவர்கள் புதிது வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தார்கள். 2018 மார்ச்சில் பேட்டரியின் நலத்தை செட்டிங்ஸிலேயே காட்டத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புது ஐபோன் வாங்குவது குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக, மக்கள் மலிவு விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் சொன்னார். இன்று கையில் நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ போன்கள், ஒரு சரியான எண் கண்ணில் படாத குற்றத்துக்காகக் குப்பைக்குப் போகின்றன.

மூலையில் இல்லாத ஓர் எண்ணும் உண்டு. எவ்வளவு நேரமாக ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழையக் கூடாது. ஒரு மணி நேரம் விடாமல் ஆடினால், அதன்பின் அரை மணிக்கொரு தரம் ஆடிய நேரத்தைச் சொல்லும் எச்சரிக்கை திரையில் வர வேண்டும். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்த ஜூன் மாதமே சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது. ஆனால் பணம் வைக்காத விளையாட்டுகளை அந்த எச்சரிக்கை விதி தொடவில்லை. பிள்ளைகள் ஆடுவதோ அவற்றைத்தான்.

பிஜிஎம்ஐ 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எல்லை என்பது முட்டும்போது தெரிகிற சுவர். மீட்டர் அப்படியல்ல, முட்டுமுன்பே காட்டும். பிங்கை மில்லி செகண்டு சுத்தமாக அளந்து, சிவப்பு பச்சை பூசிக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்தில் ‘1 மணி 40 நிமிடம்’ என்று ஒரு வரி எழுதுவது ஒரு நாள் வேலைகூட இல்லை. மறைத்த சார்ஜைத் திரும்ப வரைந்தவர்கள் மறைந்த நேரத்தையும் வரையட்டும். அந்த எண் சிவந்தால் பாதிப் பிள்ளைகள் தாமாகவே போனைக் கீழே வைப்பார்கள். இப்போது அந்த மீட்டரின் வேலையை அடுப்படியிலிருந்து கத்திக் கத்தி அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.