சிவப்பு விளக்கோடு ஒரு காவல்

நள்ளிரவு, கும்மிருட்டு. ஆனாலும் இந்தக் கடற்கரையில் வெள்ளை டார்ச் அடிக்கக் கூடாது. ஏன் தெரியுமா, நேயர்களே?

கரீபியன் தீவான டிரினிடாடின் மத்துரா கடற்கரைக்கு ஏழுவரி ஆமைகள் முட்டையிட வரும். உலகின் மிகப் பெரிய கடலாமை இதுதான். வெளிச்சம் பட்டால் மிரண்டு கடலுக்கே திரும்பிவிடும். அதனால், அங்கே தொண்டு செய்தபடி படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் சிவப்பு விளக்கோடு ஊர்க்காரர்கள் பின்னால் நடப்பார்கள். ஆமை பின்துடுப்பைக் கிண்ணம்போல் குவித்து, மணலை அள்ளி அள்ளிக் குழி பறிக்கும். முட்டையிடத் தொடங்கியபின்தான் கிட்டே போய் அளவெடுக்கலாம்.

ஒருகாலத்தில் இறைச்சிக்காக ஆமைகளை வெட்டிய கரை இது! 1990-இல் ஊர் மக்களே காவலுக்கு இறங்கினார்கள். அவர்களைக் கும்பிடத்தான் வேண்டும்.

விடிந்தால் மாணவர்களுக்குச் சுடச்சுட டபுள்ஸ்: மெத்தென்ற 'பாரா' ரொட்டிக்குள் காரமான கொண்டைக்கடலை. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன இந்தியர்களின் வாரிசுகள் உருவாக்கிய பண்டம் அது.