பரிசோதனைச் சாலையில் பாஷைப் பாடம்

ரசாயனம் போதிக்கிறவருக்கு ஆங்கில இலக்கணத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள், கலிபோர்னியா மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், குவாத்தமாலாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் புதிதாக வந்திறங்கிய பிள்ளைகள் நிறைந்த விஞ்ஞான வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், அந்தக் கேள்வியை மறுமுறை எழுப்பமாட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாத சீன வம்சத்துப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், விசேஷ உதவி யாதொன்றும் இன்றி ஆங்கில வகுப்புகளில் விடப்பட்டிருந்ததைப் பற்றிய வழக்கில், ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்ட மாத்திரத்தில் சமத்துவம் வந்துவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-ஆம் ஆண்டில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபின் ராஜாங்கக் கொள்கை மட்டும் நிலையாக நின்றதா என்றால், அதுவும் இல்லை. தாய்மொழி வழியாகவும் போதிக்கும் முறையை 1998-இல் வாக்குச் சீட்டினால் பெரும்பாலும் ஒடுக்கிய அதே மாகாணத்து ஜனங்கள், 2016-இல் அந்தத் தடையை வாக்குச் சீட்டினாலேயே விலக்கினார்கள். நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த ஆசிரியர் இவ்விரண்டு காற்றையும் அனுபவித்திருப்பார். வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையோ எந்தக் காற்றுக்கும் காத்திருப்பதில்லை.

காத்திருக்க அவனுக்கு அவகாசமும் கிடையாது. விளையாட்டு மைதானத்துப் பேச்சு இரண்டொரு வருஷங்களில் நாவில் படிந்துவிடும் என்றும், பாடப்புத்தகத்தின் பாஷை வசப்படுவதற்கு ஐந்து முதல் ஏழு வருஷங்கள் வரை, சில சமயம் அதற்கு மேலும், ஆகும் என்றும் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி அறிஞர் எடுத்துக் காட்டினார். பதினைந்து வயதில் வந்து சேர்கிறவனுக்குப் பள்ளியில் எஞ்சியிருப்பது நாலு வருஷமே ஆகையால், முதலில் பாஷை, அப்புறம் விஞ்ஞானம் என்ற ஏற்பாடு கணக்கிலேயே உதைக்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் கற்பித்தே தீரவேண்டும்.

அது எப்படி நடக்கிறது? இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர். ஒன்றில் மட்டும் நாலைந்து கரண்டி உப்பு. வெறும் தண்ணீரில் முட்டை அமிழ்கிறது, உப்புத் தண்ணீரில் மிதக்கிறது. ஆச்சரியப்படுவதற்கு ஆங்கிலம் எதற்கு? பிள்ளைகள் ஸ்பானிஷில் தர்க்கம் செய்கிறார்கள், படம் போடுகிறார்கள். தேர்ந்த ஆசிரியர் தடுப்பதில்லை. “உப்புத் தண்ணீர் கனம், முட்டை கனமில்லை” என்று ஒரு பெண் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னால், அவர் வினைச்சொல்லைத் திருத்தாமல், “எவ்வளவு தண்ணீர்?” என்று கேட்கிறார். அவள் முட்டை அளவுக்குக் கைகளைக் குவித்துக் காட்டுகிறாள். அடர்த்தி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுத வேண்டிய தருணம் அதுதான். விஷயம் கைக்கு வருமுன் திணித்த கலைச்சொல் பரீட்சைக்கு மறுநாளே பறந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பாடத்தை ஸ்பானிஷில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. குவாத்தமாலா மலைநாட்டுப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி மாம் போன்ற மாயா மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷே அவர்களுக்கு இரண்டாம் பாஷை. ஆகவே அனுபவசாலியான ஆசிரியர் வருஷத் தொடக்கத்தில் யார் யார் எங்கே உட்காருவது என்று எழுதும்போது, மாமும் ஸ்பானிஷும் அறிந்த மாணவன் எவன் என்று விசாரித்தறிந்து, புதிதாக வந்தவனை அவன் பக்கத்தில், ஒரே குவளைக்கு இருவராக, உட்கார வைக்கிறார்.