முக்குருத்தியின் கருஞ்சேறு

நீலகிரிக்குச் செல்பவர்கள் ஏரியில் படகு விட்டு, தோட்டத்தில் புஷ்பங்களைப் பார்த்து, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த மலையின் பெரிய அதிசயமோ காலுக்கடியில் கிடக்கிறது. அது வெறும் சேறு!

சேற்றைப் பார்க்கவா மலையேற வேண்டும் என்று நேயர்கள் நகைக்கலாம். என் மாணாக்கர்களும் நகைத்தார்கள். உதகைக்கு மேற்கே, இரண்டு புல்மேடுகளின் மடிப்பில், உடன் வந்த வனக் காவலர் தம் கைத்தடியை நிலத்தில் ஊன்றினார். அது ஓசையின்றி முழங்கை ஆழம் உள்ளே போயிற்று. முதலில் நகைத்த பையனின் செருப்பும் போயிற்று. அது திரும்பி வரவேயில்லை.

இந்தப் பள்ளங்களில் தேங்கும் ஜலம் குளிர்ச்சியும் புளிப்பும் உடையது; அதில் பிராணவாயு மிகக் குறைவு. ஆகையால் பொருள்களை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே சோம்பிக் கிடக்கின்றன. செத்த புல் முழுதும் மட்காமல் ஆண்டுக்காண்டு படிந்து கறுத்துப் போகிறது. இதனைப் பீட் என்பார்கள். நிலக்கரியாக முற்றாத இளம் பருவம் எனலாம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் பஞ்சுபோல் நீர் சொட்டும். விரலிடையே பழைய வேரின் நார்கள் தெரியும்.

1993-ஆம் ஆண்டில் ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் இந்தச் சேற்றை ஆராய்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். வறட்சியில் தழைக்கும் புல்வகைகள் கரியமில வாயுவை ஏற்கும் முறை வேறு. ஈரத்தில் தழைக்கும் மரஞ்செடிகள் ஏற்கும் முறை வேறு. அந்த வேற்றுமை, செடி செத்த பின்பும் அதன் கரியில் நிலைத்திருக்கிறது. அதை அளந்து, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளில் இம்மலை எப்போது ஈரமாயிருந்தது, எப்போது வறண்டது என்று கணித்தார்கள். நம் கோயிற் கல்வெட்டுகளில் மிகப் பழையதும் இந்த ஏட்டின் முன் நேற்றுப் பிறந்த குழந்தைதான்.

சத்தற்ற இந்த நிலத்தில் வாழ்வதற்கு உபாயம் வேண்டும். அழுகண்ணிச் செடி இலைமயிர்களின் நுனியில் பசைத்துளிகளை ஏந்தி நிற்கிறது. பனித்துளியென்று நம்பி உட்கார்ந்த பூச்சி மீள்வதில்லை. மண் தராத சத்தைச் செடி அதன் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. புற்களினூடே வாழும் சின்னஞ்சிறு தவளை ஒன்றின் குஞ்சுகள், தலைப்பிரட்டைப் பருவமே இன்றி, முட்டையிலிருந்து தவளையாகவே வெளிவருகின்றன. இந்த உயர்மலைகளையன்றி வேறெங்கும் காணப்படாத நெட்டைக்காலிக் குருவி சதுப்போரத்துப் புல்லில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் இமயத்துக் காட்டு உள்ளானும் வருகிறது. கடமான் புரள வரும். அதன் பின்னே புலியும் வரும். மேலே பாறை விளிம்பில் வரையாடு நிற்கும்.

வரையாட்டை முன்னிட்டே 1982-ல் முக்குருத்தி சரணாலயமாக்கப்பட்டது. 1990-ல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். 2024-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுவதிலும் வரையாடுகள் 1,031 தான். ஆட்டின் பெயரால் சேற்றுக்கும் காவல் கிடைத்தது. தனியே சேற்றுக்காக யார் சட்டம் செய்திருக்கப் போகிறார்கள்?

காவல் வருமுன் நேர்ந்த கேடு பெரிது. புல்வெளியையும் சதுப்பையும் வெறும் தரிசு என்று எண்ணிய வெள்ளைக்காரர்கள் 1843 முதல் கற்பூர மரத்தையும், அவ்வாறே சீகையையும் கொண்டுவந்து நட்டார்கள். இதற்கு அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. சுதந்திரம் வந்த பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைக் கூழுக்காகவும் நாமே இன்னும் வேகமாக நட்டோம். தாகம் மிகுந்த அம்மரங்கள் சூழ்ந்த பள்ளங்கள் உலர்ந்தன. உலர்ந்த பீட்டுக்குள் காற்று புகும். காற்றுப் புகுந்தால் அதுவரை மட்காதது மட்கத் தொடங்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு வாயுவாகிப் போய்விடும். மழையை உறிஞ்சிக் கோடையில் சிறிது சிறிதாகப் பவானிக்கும் மோயாற்றுக்கும் விடும் நிலம் இது. இது வற்றினால் சமவெளி உழவனுக்கும் நஷ்டம்.

சீகையை வெட்டினால் தீர்ந்ததென்று எண்ண வேண்டாம். அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கி, வெயில் பட்டதும் விழிக்கும். நாங்கள் திரும்பியபோது சதுப்பின் ஓரத்தில் சிலர் குனிந்து விரலளவுக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். செருப்பை இழந்த பையன் வெறுங்காலோடு இறங்கி அவர்களுடன் சேர்ந்துகொண்டான். அவனைப் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் இருட்டிவிட்டது.