ஓவியத்தில் ஒரு யானைக் குடும்பம்

ஆப்பிரிக்க யானைக் கூட்டங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் (1931–2017), தொடக்கத்தில் விமானங்களை வரைந்தவர். 1960இல் விமானப்படையின் ஏற்பாட்டில் கென்யா சென்ற அவரிடம், அங்கிருந்தோர் விமானத்தை விடுத்து உள்ளூர் விலங்கொன்றை வரையக் கேட்டதே அவரைக் கானுயிர் ஓவியத்துக்கு, அதாவது காட்டு விலங்குகளை அவை வாழும் சூழலோடு தீட்டும் கலைக்கு, திருப்பியது.

யானைக் குடும்பத்தை வரைபவர், மூத்த பெண் யானையே கூட்டத்தை நடத்துகிறது என்பதையும், பருவமெய்திய ஆண் யானைகள் கூட்டத்தை விட்டு விலகிவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். விசிறி போல் அகன்ற காது, நடுவில் குழிந்த முதுகு, நுனியில் இரண்டு விரல் போன்ற நீட்சிகள் கொண்ட துதிக்கை ஆகியவை ஆப்பிரிக்க யானையின் அடையாளங்கள். துதிக்கை நுனியில் ஒரே நீட்சி இருந்தால் அது ஆசிய யானை. தோலின் சுருக்கங்களில் காய்ந்து வெடித்த சேறும், தாயின் வயிற்றடியில் ஒண்டி நிற்கும் கன்றும் சரியாக அமையும்போதுதான் அத்தகைய ஓவியம் உயிர் பெறுகிறது.

வேட்டையாடிகள் நஞ்சிட்ட நீர்நிலையருகே 255 வரிக்குதிரைகள் மடிந்து கிடந்ததைக் கண்ட ஷெப்பர்ட், தம் ஓவிய வருவாயைக் கானுயிர்ப் பாதுகாப்புக்கு அளிக்கலானார். 1973இல் அவர் தீட்டிய புலி ஓவியத்தின் அச்சுப் பிரதிகள் இந்தியாவின் புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 1,27,500 பவுண்டு திரட்டித் தந்தன.