உறுமும் குட்டியை அடிக்காதீர்கள்

தோட்டத்து லயத்தில் நாய் இல்லாத வாசல் குறைவு. விடியுமுன் எழுந்து வேலைக்காட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு வீட்டுக் காவல் அதுதான். யார் வீட்டிலாவது நாய் குட்டி போட்டது என்றால், "எனக்கு ஒண்ணு குடுங்கக்கா" என்று சொல்லி வைத்து வாங்கி வருகிறோம். வந்த இரண்டு வாரத்தில் புகார் தொடங்குகிறது. "கையைக் கடிக்குது, சிலுவார் காலைப் புடிச்சு இழுக்குது, சோத்துத் தட்டுகிட்ட போனா உறுமுது." உடனே பக்கத்து வீட்டு அண்ணன் வைத்தியம் சொல்கிறார்: "நாலு போடு போடுங்க, அடங்கிடும்."

அந்த நாலு போடுதான் பின்னால் ஆபத்தைக் கொண்டுவருகிறது. ஏன் என்பதையும், அடிக்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும், பல் பட்டுவிட்டால் செய்ய வேண்டியதையும் இங்கே பார்ப்போம். லயத்து வாசலில் ஓடியாடும் நம் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

குட்டி ஏன் கடிக்கிறது?

நமக்குக் கை எப்படியோ, குட்டிக்கு வாய் அப்படி. எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். பிறந்து மூன்று வாரத்தில் பால்பல் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28 பற்கள், ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. நாலாம் மாதம் அளவில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும், கண்டதையெல்லாம் கடிக்கும். இதில் கோபமோ வஞ்சமோ இல்லை.

எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்கிறது. பலமாகக் கடித்தால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். 'இப்படிக் கடித்தால் விளையாட்டு போச்சு' என்று அது புரிந்துகொள்ளும். கண் திறந்த கையோடு தூக்கி வந்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. ஆகவே 8 வாரம் முடியுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

கடியை நிறுத்தும் வழி

தாய் வீட்டில் விட்டுப்போன பாடத்தை நாம் தொடர வேண்டும். குட்டி கையைக் கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடும் கையைத் துரத்துவது அதற்கு விளையாட்டு. கையை அசைக்காமல் வைத்து, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அரை நிமிடம் பேச்சும் வேண்டாம், பார்வையும் வேண்டாம். பிறகு வந்து விளையாடுங்கள். மறுபடி கடித்தால் மறுபடி அதேதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்ய வேண்டியிருக்கும். சில வாரங்களில் பலன் தெரியும்.

இதை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அம்மா எழுந்து போக, மாமா கையை நீட்டி "கடி பாப்போம்" என்று விளையாட்டுக் காட்டினால், குட்டிக்கு எது சரி என்று எப்படித் தெரியும்?

கடிக்க வேறு பொருள் கொடுங்கள். பழைய துண்டை நனைத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். கிழிந்து நூல் பிரிந்தால் மாற்றிவிடுங்கள். பழைய சப்பாத்தைக் கொடுக்காதீர்கள். பழையது, புதியது என்று அதற்குத் தெரியாது. வெந்த கோழி எலும்பும் கூடாது. அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். தூக்கமும் முக்கியம். சிறு குட்டி நாளில் பாதிக்கு மேல் தூங்க வேண்டும். பிள்ளைகள் ஓயாமல் தூக்கிக்கொண்டு திரிந்தால் அசதியில் கூடுதலாகக் கடிக்கும்.

உறுமல் என்பது எச்சரிக்கை

உறுமலைக் கேட்டதும் நமக்குக் கோபம் வருகிறது. "சோறு போடுற என்னையே உறுமுதா?" என்று கட்டையை எடுக்கிறோம். ஆனால் உறுமல், 'எனக்குப் பயமா இருக்கு, கிட்ட வராதே' என்று குட்டி தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்வது. அடி வாங்கிய குட்டிக்குப் பயம் போகாது. உறுமினால் அடி விழும் என்பது மட்டும் புரியும். அது உறுமலை நிறுத்திக்கொள்ளும். பெரிதானதும், சத்தமே காட்டாமல் நேராகக் கடிக்கும். "நேத்து வரைக்கும் ஒண்ணும் செய்யல, திடீர்னு கடிச்சிருச்சு" என்று சொல்லப்படும் நாய்களில் பல இப்படி வாயடைக்கப்பட்டவை.

குட்டி உறுமினால் முதலில் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். சாப்பிடும்போதா? தூங்கும்போது தொட்டதாலா? ஒரு மூலையில் மாட்டிக்கொண்டதா? தொட்ட இடத்தில் வலியா? காதுக்குள் உண்ணி, சொறி, புண் ஏதாவது இருக்கிறதா? வலி இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிரட்டினால் வலி போகாது.

சோற்றுத் தட்டுக்காக உறுமும் குட்டிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் சோறு வையுங்கள். பாதியில் தட்டைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். பெரியவர் ஒருவர், குட்டி உறுமாத தூரத்தில் நின்று அவித்த முட்டைத் துண்டு ஒன்றை அதன் பக்கம் போட்டுவிட்டு நகரட்டும். நாள் செல்லச் செல்ல, ஆள் வருவது நல்லதற்குத்தான் என்று அது புரிந்துகொள்ளும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடக் கூடாது.

நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப் போடுவதும் கெடுதல். வெயிலில் கட்டுண்டு, போகிற வருகிற பிள்ளைகளின் கல்லும் குச்சியும் வாங்கும் குட்டி கடிநாயாக வளர்வதில் வியப்பு என்ன? மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி மிருகத்தைக் கொடூரமாக அடிப்பதும் வதைப்பதும் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

தாய்மார்களே, சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகிய மூன்றையும் தொடக் கூடாது என்று பிள்ளைகள் மனத்தில் பதிய வையுங்கள். நாய் மேலே பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கையை மார்போடு கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். வாலைப் பிடித்து இழுப்பதும் காதைத் திருகுவதும் விளையாட்டல்ல.

பல் பட்டுவிட்டால்

"குட்டிதானே, சின்னக் கீறல்தானே" என்று விடாதீர்கள். வெறிநாய்க்கடி நோயான ரேபிஸ் குட்டியிடமிருந்தும் வரும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி, அங்கு உயிர்களைப் பறித்திருக்கிறது. நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் கடிபட்ட உடனே சரியான சிகிச்சை எடுத்தால் நோய் வராமலே தடுக்கலாம்.

முதல் வேலை, காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பாதீர்கள். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசியும் ரேபிஸ் தடுப்பூசியும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பல தவணை ஊசி என்றால் எல்லாத் தவணையையும் போட்டு முடிக்க வேண்டும்.

"இன்னைக்குப் பிரட்டுக்குப் போகலைன்னா கூலி போயிடுமே" என்று தள்ளிப் போடாதீர்கள். மருத்துவர் சான்று தரும் நோய் விடுப்புக்குச் சம்பளம் பெற வேலைச் சட்டம் வழி செய்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். பாதுகாப்பாக அடைத்து வைத்து 10 நாள் கவனிக்க முடிந்தால் மருத்துவருக்கு அது உதவும். நாய்க்கு எச்சில் ஒழுகினால், நடை தள்ளாடினால், குணம் திடீரென்று மாறினால் யாரும் கிட்டப் போகாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பூச்சி மருந்தும் தவறாமல் கொடுங்கள். நாயின் குடற்புழு மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

குட்டியை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பது மாதிரிதான். முதல் ஏழு மாதம் பொறுமையாகப் பழக்கினால், அது பல வருடம் உங்கள் வாசலைக் காக்கும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் குட்டி உறுமினால், கட்டையைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.