சுடுதண்ணிக்கு எந்த பாய்லர்? கடைக்குப் போகுமுன் குளியல் அறையைப் பாருங்க!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னைவாசிக்கு இரண்டு கவலை. ஒன்று குடை, இன்னொன்று சுடுதண்ணி!

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? "இந்த வருஷமாவது ஒரு ஹீட்டர் வாங்கிப் போடுங்களேன்" என்று வீட்டில் நச்சரிப்பு ஆரம்பமாகும். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வீட்டுக்காரர் கடையில் போய் நிற்பார்.

"விலை கம்மியா, நல்லதா ஒண்ணு குடுங்க!"

கடைக்காரர் விவரமானவராக இருந்தால் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். "சார், குளிக்கிற ரூம்ல ஜன்னல் இருக்கா? போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா? பிளக்குல எர்த் வருதா?" என்று திருப்பிக் கேட்பார். சார் திருதிரு என்று விழிப்பார். பதில் வீட்டில் அல்லவா இருக்கிறது!

கொல்லைப்புறத்து பாய்லர்

தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. செப்பு பாய்லர் ஒன்றுதான். நடுக்குழாயில் கரி, சிரட்டை, தேங்காய் மட்டை. சுற்றிலும் தண்ணீர். அடியில் சாம்பல் தட்டு. அது நின்ற இடம் கொல்லைப்புறம். புகை ஆகாயத்தோடு போய்விடும்.

அடுக்குமாடி வீட்டில் கொல்லைக்கு எங்கே போவது? நெருப்பு இப்போது குளியல் அறைக்குள்ளேயே வந்துவிட்டது, கேஸ் ஹீட்டர் உருவத்தில்.

சத்தம் போடாத எமன்

சிலிண்டரைச் சேர்த்து, குழாயைத் திறந்தால் போதும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் வரை சுடச்சுடக் கொட்டும். கரண்ட் போனாலும் கவலை இல்லை. ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் உள்ளே எரிவது நெருப்பு. அதற்கும் காற்று வேண்டும், குளிப்பவருக்கும் காற்று வேண்டும். கதவைத் தாழ் போட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தினால் என்ன ஆகும்? காற்று குறையக் குறைய கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கிளம்பும். இதற்கு நிறம் இல்லை, வாடையும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும். இது காட்டிக் கொடுக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், கால் துவளும். தாழ்ப்பாள் இரண்டடி தூரத்தில் இருக்கும். எட்டித் திறக்கத் தெம்பு இருக்காது. வட மாநிலங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாகிறார்கள்.

ஆகவே கேஸ் ஹீட்டர்தான் வேண்டும் என்பவர்கள் அதையும் சிலிண்டரையும் வெளியே, காற்றோட்டமான பால்கனியில் வைக்கட்டும். தண்ணீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும். அதற்கு இடம் இல்லையா? அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். கரி அடுப்பை உள்ளே கொண்டுபோய் வைத்தாலும் இதே கதிதான்.

வாளியில் போடும் கம்பி

ரொம்ப மலிவு, வாளியில் போடும் ஹீட்டர் கம்பி. வாடகை வீட்டுக்காரர்களின் தோழன். 1,500 வாட் கம்பி ஆறரை ஆம்பியர் இழுக்கும். மின்விசிறி மாட்டும் சின்ன பிளக்கில் செருகினால் பிளக் உருகும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். எர்த் கம்பியே வந்திருக்காது! இரும்பு வாளி கூடவே கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். "சூடாயிடுச்சா" என்று கை விட்டுப் பார்த்து ஷாக் அடித்துப் போன உயிர்கள் எத்தனையோ.

எந்த மின்சார ஹீட்டர் வாங்கினாலும் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றையும் போர்டில் போடச் சொல்லுங்கள். ஹீட்டர் விலையோடு அதுவும் ஒரு செலவுதான், முணுமுணுக்காமல் கொடுக்கலாம்.

எத்தனை லிட்டர்?

தனி ஆள் என்றால் 3 லிட்டர் 'இன்ஸ்டன்ட்' போதும். 3,000 வாட் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த ஒயரும் வேண்டும். குழாயை மெல்லத் திறந்தால்தான் சூடு. ஒரு வாளி நிறைய ஐந்தாறு நிமிஷம் ஆகும்.

குடும்பத்துக்கு 15 லிட்டர் டாங்க். 2,000 வாட்டில் சுமார் 17 நிமிஷத்தில் 60 டிகிரி வந்துவிடும். பச்சைத் தண்ணி கலந்தால் இரண்டு பெரிய வாளி. செலவு அரை யூனிட்டுக்குச் சற்றே மேல். நாலு பேர் வரிசையாகக் குளித்து ஆபீஸ், ஸ்கூல் ஓடும் வீடு என்றால் 25 லிட்டர். உயரமான கட்டடத்தில் டாங்கில் '8 பார்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.

மொட்டை மாடி சொந்தமாக இருந்தால் சூரிய ஹீட்டர் லாபம். என்ன, அடைமழை நாளில் சூரியனையும் காணோம், சுடுதண்ணியையும் காணோம்!

கடைசியாக, வாளி விளிம்பைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? உப்புத் தண்ணீர்! அதே படிவு ஹீட்டர் காயில் மேலும் ஏறும். சூடாக நேரம் பிடிக்கும்; பிறகு காயிலே போய்விடும். இந்த மாதிரி வீட்டுக்கு உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட டாங்க் நல்லது. டாங்குக்குள் ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். டாங்க் அரிக்காமல் தான் அரிந்து போவது அதன் வேலை. அதை எப்போது மாற்ற வேண்டும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று கடையிலேயே பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.